மயிலை குடித்த தண்ணீர்

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மாடு கத்துவது போல இல்லை. கொல்லன் உலையில் கிழிந்த துருத்தியை இழுத்தால் வருமே, அதுமாதிரி இருந்தது.

நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் மடியில். பால்குடி மறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காலையிலிருந்து பசி பசி என்று என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். புதுமாவில் காய்ச்சிய கூழை வட்டிலில் ஊற்றி, ஊதி ஊதி ஆற்றி, விரலில் தொட்டு அவள் உதட்டுக்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் கட்டுத்தறியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

பிள்ளையை இடுப்பில் வாரிக்கொண்டு வட்டிலோடு வெளியே ஓடினேன்.

எங்கள் பசு மயிலை முன்னங்கால் மடிந்து விழுந்து கிடந்தது. வாயோரம் நுரை. வாயைத் திறந்து திறந்து காற்றைத் தேடியது. ஈறு செக்கச்செவேல் என்று வெற்றிலை மென்ற வாய் போல இருந்தது. சாகிற மாட்டுக்கு ஈறு வெளுத்துப்போகும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். அந்தச் சிவப்பு இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

"ஏஞ்சாமீ! எந்திரி சாமீ! என்ற கண்ணு, எந்திரி!" என்று அத்தை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினார். அத்தை என்றால் என் மாமியார்.

ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம்கூட இருக்காது. தலை சாய்ந்துவிட்டது. மயிலை அப்போது சினை. மாடு அடங்கிய பிறகும் வயிறு மட்டும் கொஞ்ச நேரம் புரண்டு புரண்டு அசைந்தது. உள்ளே இருந்த கன்றுக்குத் தாய் செத்தது தெரியவில்லை.

அத்தை மெல்ல எழுந்தார். பக்கத்தில் காலியாகக் கிடந்த, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் கழனிப்பானையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த வட்டிலைப் பார்த்தார்.

ஓடிவந்து ஓங்கித் தட்டினார். வட்டில் வாசலில் உருண்டு கவிழ்ந்தது. பிள்ளை வீறிட்டாள்.

"நஞ்சு! கூழு இல்ல, நஞ்சு!"

சொல்லிக்கொண்டே அவர் திரும்பிப் பார்த்தது அடுப்படி நிலைப்படியில் நின்ற பாவாயியை. என் கொழுந்தனைக் கட்டி வந்து ஒரு வருஷம் ஆகாத பெண்.

அந்தச் சொல்

விஷம் என்று எழுதினாலே எல்லோருக்கும் புரியுமே, எதற்காக நஞ்சு என்று எழுதுகிறீர்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தத் தொடரை, அனுப்புமுன் படித்துவிடுகிறவள் அவள். அவளிடம் பதில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

நான் நான்காம் வகுப்போடு நின்றவள். எங்கள் ஊர் வாத்தியார் 'நஞ்சை, புஞ்சை' பாடம் நடத்தும்போது, என் பக்கத்தில் இருந்த பெண், "சார், நஞ்சைன்னா வெசம் இருக்கற காடுங்களா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். கேட்க வாய் வரவில்லை. வாத்தியார் சிரித்துவிட்டு, அது நன்செய், நல்ல நிலம், இது வேறே என்றார். விஷம் வடக்கேயிருந்து வந்த சொல்லாம். நஞ்சு நம்முடைய பழஞ்சொல்லாம். துணி நைகிற மாதிரி உயிரை நைந்துபோகச் செய்வதால் அந்தப் பேர் வந்திருக்கலாம் என்றார். அவர் சொன்னது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. படித்தவர்கள் சொல்லட்டும்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் ஊரில் அந்தச் சொல் எங்கெங்கே வரும் என்பது.

மாடு கன்று போட்டால், "நஞ்சு விழுந்துச்சா?" என்று கேட்பார்கள். கன்றுக்குப் பிறகு விழுகிற கொடியைச் சொல்வது. அது விழுகிறவரை ஒருத்தர் காவல் இருக்க வேண்டும். மாடு அதைத் தின்றுவிட்டால் பால் வற்றிவிடும் என்பார்கள். வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டிவிட்டு வந்தால்தான் நிம்மதி. இதில் கெட்ட அர்த்தம் ஒன்றும் கிடையாது.

ஆனால் நிஜமாகவே உயிரை எடுக்கிற பொருள்களை யாரும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பாம்பு என்றால் பூச்சி. எலிக்கு வைக்கிற பாஷாணம் எலிமருந்து. அரளி வெறும் கொட்டை. 'கொட்டையை அரைச்சுக் குடிச்சுட்டா' என்றால் எல்லோருக்கும் விளங்கும். கள்ளியில் வடிவதும் எருக்கில் வடிவதும் பால். பெண் பிள்ளைகள் வரிசையாகப் பிறந்த வீடுகளில் அந்தப் பால் எதற்குத் தேடப்பட்டது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அதற்குக்கூட அதன் பேர் பால்தான். இதற்குமேல் அதை எழுதக் கை வரவில்லை.

அப்படியானால் நஞ்சு என்று யாரைச் சொல்வார்கள்? ஆளைச் சொல்வார்கள். அதிலும் பெண்ணைச் சொல்வார்கள். என் பிறந்த ஊரில் புருஷன் திடீரென்று செத்துப்போன ஒருத்தியை அவள் மாமனார் வீட்டார் "நஞ்சு வெச்சவ" என்று ஒரு தடவை சொன்னார்கள். ஒரே தடவை. வைத்தாளா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கையால் ஒருவரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. கிணற்றில் அவள் சேந்தி முடித்துப் போகிறவரை மற்றவர்கள் குடத்தோடு தள்ளி நிற்பார்கள். கிழவியாகிச் சாகும்வரை அப்படித்தான் இருந்தாள்.

அந்தச் சொல்தான் அன்றைக்கு எங்கள் வாசலில் பாவாயி மேல் விழுந்தது.

ஆத்தூர் மூட்டை

யுத்த காலம் அது. இரண்டு வருஷமாக மழை பொய்த்திருந்தது. சோளமும் கம்பும் விதைத்த கூலிக்குக்கூட விளையவில்லை. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிது. எங்கள் ஊர் நாமக்கல்லுக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில். வீட்டில் காலையில் உலை வைத்தால் ராத்திரிக்கு உலை உண்டா என்று அத்தை குதிருக்குள் கைவிட்டுப் பார்த்துத்தான் சொல்வார்.

பாவாயி ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். பேச்சே வேறு மாதிரி இருக்கும். நாங்கள் 'ஊடு' என்போம், அவள் 'வூடு' என்பாள். பெரியவர்களிடம் பேசும்போது சொல்லுக்குச் சொல் 'ங்க' போட அவளுக்கு வராது. எதிர்வீட்டு ராமாயி அக்காவுக்கு இது போதும்.

"ஏனுங்க பெரீம்மா, உங்க சின்ன மருமவ உங்ககிட்டயே மருவாதி இல்லாமப் பேசறா போல?" என்று வாசலில் நின்று கேட்பாள்.

"அவ ஊருப் பேச்சு அப்புடி. உன்ற ஊட்டுக்காரன் உன்னையத் தெனமும் பேசறதுக்கு இது தேவல," என்பார் அத்தை. வெளியே விட்டுக்கொடுக்க மாட்டார். உள்ளே வந்து பாவாயியை முறைப்பார்.

அப்போதுதான் அவள் அண்ணன் வண்டியில் ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கினார். குச்சிக்கிழங்கு, மரவள்ளி என்பார்களே, அதுதான். இன்றைக்கு எங்கே பார்த்தாலும் அந்தக் காடுதான். அன்றைக்கு எங்கள் ஊரில் அதை யாரும் கண்டதில்லை. ராமாயி அக்கா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "வெறகா, கெழங்கா?" என்றாள்.

பாவாயியின் அண்ணன் தெளிவாகத்தான் சொன்னார். "இது மாவு மில்லுக்குப் போற கெழங்கு அத்தே. கசக்கும். வேகவச்சுத் தின்னுறாதீங்க. துருவி, தண்ணி வுட்டுப் பெசஞ்சு, தெளிய வச்சு, மாவை மட்டும் எடுத்துக்கங்க. ரெண்டு தண்ணி மாத்தணும். அப்புறம் கூழு காச்சலாம், களி கிண்டலாம்." துருவுவதற்கு ஆணியால் பொத்தல் போட்ட ஒரு தகரமும் கொண்டுவந்திருந்தார்.

தெளிந்த தண்ணீரை என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் பக்கம் அது மில்லிலிருந்து ஓடையில் போகும். சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றியிருக்காது.

கீழே ஊற்றாத தண்ணீர்

ஆத்தூருக்கு அந்தப் பக்கம் எப்படியோ, எங்கள் வீட்டில் தண்ணீரைக் கீழே ஊற்றுகிற வழக்கமே கிடையாது. கிணறு அத்தனை ஆழம். கயிறு இழுத்து இழுத்து எங்கள் உள்ளங்கையெல்லாம் காய்த்துக் கிடக்கும். தானியம் கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, பாத்திரம் அலசியது எல்லாம் கழனிப்பானைக்குப் போகும். பானை மாட்டுக்குப் போகும். மாடு கன்று வைத்துப் பண்ணயம் பண்ணுகிற எல்லா வீட்டிலும் அப்படித்தான். கழனித்தண்ணியைக் கீழே ஊற்றுகிறவள் குடும்பம் விளங்காது என்பார்கள்.

அன்று விடியற்காலையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து துருவினோம். என் விரலையும் சேர்த்துத் துருவிக்கொண்டேன். பிசைந்து, துணியில் பிழிந்து, பெரிய பானையில் தெளிய வைத்தோம். வெயில் ஏறினபோது அடியில் மாவு வெள்ளை வெளேர் என்று படிந்திருந்தது. மேலே தண்ணீர் நிறைந்து நின்றது. பச்சைக் கிழங்கு வாசத்தோடு இன்னும் ஏதோ ஒரு காட்டமான நெடி. புது வஸ்து, அதன் வாசம் இதுதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பாவாயி அந்தத் தண்ணீரை இறுத்து எடுத்துக்கொண்டு புறக்கடைப் பக்கம் போனாள். கீழே சாய்க்கப் போனவளை அத்தை பார்த்துவிட்டார்.

"ஏம்புள்ள! எங்க கொண்டுபோறே?"

"கீழ ஊத்தத்தே. எங்க வூட்டுல..."

"உங்க ஊட்டுல ஆறு ஓடுது. இங்க கெணத்துல எறைக்கற கைக்குத்தான் தெரியும். மாவு கரைஞ்ச தண்ணி, நாலு நாளு காஞ்ச மாட்டுக்கு வவுறு நெறையுமில்ல? கொண்டா இப்புடி."

அத்தையே வாங்கினார். அத்தையே கழனிப்பானையில் ஊற்றினார். இரண்டாந் தண்ணீரையும் அப்படியே. வைக்கோல்கூட இல்லாமல் விலா எலும்பு தெரிய நின்ற மாட்டுக்கு இன்றைக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மேய்ச்சல் போய் உச்சி வெயிலில் திரும்பிய மயிலை, மூச்சு விடாமல் பானையைக் காலி செய்தது. அத்தை அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே நின்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

வாசலில்

சத்தம் கேட்டு ராமாயி அக்கா முதல் ஆளாக வந்துவிட்டாள். பின்னாலேயே தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஆண்கள் எல்லோரும் தானியம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நாமக்கல் போயிருந்தார்கள்.

"நான் அன்னைக்கே நெனச்சனுங்க பெரீம்மா. வெறகாட்ட ஒண்ணக் கொண்டாந்து எறக்குனானே அவ அண்ணன். மாட்டுக்கு வந்தது உங்களுக்கு வர எவ்வளவு நேரமாவும்? அதோ, பச்சப் புள்ளைக்கு ஊட்டப் போயிருக்குது!"

"நான் ஒண்ணும் கலக்கலக்கா," என்றாள் பாவாயி.

"கலக்குனவ கலக்குனன்னா சொல்லுவா? பொழுது எறங்கறதுக்குள்ள ஆளு வுட்டு அவ அண்ணனை வரச்சொல்லிக் கூட்டிட்டுப் போவச் சொல்லுங்க. நஞ்சு வெக்கற கைய ஊட்டுல வெச்சுக்கிட்டு எப்புடிச் சோறு திங்கறது?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். என் பிறந்த ஊரில் குடத்தோடு தள்ளி நின்றவர்களின் முகம் இங்கேயும் அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம். அந்தச் சொல் ஒட்டிக்கொண்டுவிடும். அவள் ஆத்தூருக்குத் திரும்பிப் போனாலும் கூடவே போகும்.

காலையில் நானும்தானே துருவினேன், நானும்தானே பிழிந்தேன் என்று சொல்ல வேண்டும். கூட்டத்தின் முன்னால் வாய் ஒட்டிக்கொண்டது. "நானும்..." என்று மட்டும் சொன்னேன். என் பிள்ளையின் அழுகையில் அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

அத்தை மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவாயி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"அத்தே, நான் அந்தத் தண்ணியக் கீழ ஊத்தப் போனேன். நீங்கதான் பானைய வாங்குனீங்க."

வந்து வருஷம் ஆகாத மருமகள், ஊர் முன்னால், மாமியாரைப் பார்த்து!

"கூழுல நஞ்சுன்னு சொன்னீங்க இல்ல? இருங்க."

உள்ளே போனாள். அடுப்பிலிருந்த கூழைப் பெரிய சொம்பில் ஊற்றிக்கொண்டு வந்தாள். எல்லோரும் பார்க்க, செத்துக் கிடந்த மாட்டுக்குப் பக்கத்தில் நின்று குடிக்கத் தொடங்கினாள். கூழ் தாடையில் வழிந்தது. அந்தக் கூழைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? அவளும் அதற்கு முன்னால் காய்ச்சினதில்லை. அண்ணன் சொன்ன வார்த்தை ஒன்றுதான் அவள் கையில் இருந்தது.

"அய்யய்யோ, புடிங்க அவள!" என்றாள் ராமாயி அக்காவே. ஆனால் ஒருவரும் கிட்டே போகவில்லை.

அத்தை போனார். சொம்பைப் பிடுங்கினார். தட்டிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. மிச்சமிருந்த கூழைத் தன் வாயில் வைத்து மடமடவென்று குடித்தார்.

"பெரீம்மா! உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்களா?"

அத்தை சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார். "நஞ்சுன்னா அது என்ற கையிலிருந்துதான் போச்சு. நேத்து வந்த புள்ள ஒருத்தி மட்டும் எதுக்குச் சாவோணும்? நீங்க எல்லாம் போயி அவங்கவங்க சோலியப் பாருங்க."

யாரும் போகவில்லை.

பொழுது சாய

இரண்டு பேரும் கட்டுத்தறிக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். கம்பத்துக்கு இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் பாவாயி. காலடியில் மயிலை. ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது. நான் உப்பைக் கரைத்து ஒரு குண்டாவில் வைத்துக்கொண்டு எதிரில் குந்தினேன். வாந்தி எடுக்க வைக்க அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். இரண்டு பேர் ஈறையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவக்கிறதா, சிவக்கிறதா என்று. பாவாயிக்கு ஒரு தடவை விக்கல் வந்தது. என் கையிலிருந்து பாதி உப்புத்தண்ணீர் சிந்திவிட்டது.

கம்பத்தின் நிழல் வாசலைத் தாண்டிப் போயிற்று.

"வவுறு வலிக்குதா புள்ள?" என்றார் அத்தை, அந்தப் பக்கம் திரும்பாமலேயே.

"இல்லத்தே. உங்களுக்கு?"

"எனக்குப் பசிக்குது."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். ராமாயி அக்காதான் என்று நினைக்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் அத்தைக்கு அழுகை வந்தது. மாடு விழுந்தபோது கத்தினாரே தவிர அழவில்லை. இப்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"கூழும் அதே கெழங்கு. நாம உசுரோட இருக்கறம். நாம குடிக்காம அது குடிச்சது அந்தத் தண்ணி ஒண்ணுதான். நெத்தியத் தடவித் தடவி ஊத்துனனே. எங்கையால ஊத்துனனே, சாமி!"

பாவாயி கம்பத்தைச் சுற்றி நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆண்கள் திரும்பி வந்தபோது, வேறு யாரும் வாய் திறக்குமுன் அத்தையே எழுந்து சொன்னார். "மாட்ட நாந்தான் கொன்னேன். தெரியாமக் கொன்னேன். ஒருத்தரும் அந்தப் புள்ளைய ஒரு சொல்லுச் சொல்லப்படாது." தோலுக்கும் கறிக்கும் யாருக்கும் கொடுக்காமல் மயிலையை எங்கள் நிலத்திலேயே ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார். கழனிப்பானையைத் தானே போட்டு உடைத்து ஓடுகளையும் அந்தக் குழியிலேயே போட்டார்.

மிச்ச மூட்டையை நாங்கள் தின்றோம். வேறு என்ன இருந்தது? தண்ணீரை மட்டும் தூரத்தில் குழி தோண்டி ஊற்றினோம். அத்தை முதல் வாய்க் கூழைப் பாவாயி கையால்தான் வாங்கிக் குடிப்பார். தெருவில் நாலு பேர் பார்க்கிற மாதிரி வாசலில் உட்கார்ந்து குடிப்பார்.

மழை வந்து, பஞ்சம் தெளிந்து, மயிலை முன்னே போட்டிருந்த கிடாரி வளர்ந்து தலைச்சன் கன்று போட்டது. பாவாயிதான் காவல் இருந்தாள். அத்தை தொழுவ வாசலில் நின்றுகொண்டு, "அது விழுந்துச்சா?" என்றார்.

"எதுங்கத்தே?" அதற்குள் எங்கள் 'ங்க' அவளுக்கு வந்துவிட்டிருந்தது.

"அதுதான் புள்ள." அந்த மத்தியானத்துக்குப் பிறகு அத்தை வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

"நஞ்சுங்களா? விழுந்துருச்சுங்க." பாவாயி அதைச் சாதாரணமாகச் சொன்னாள். மாட்டு விஷயத்தில் எல்லோரும் சொல்கிற மாதிரி.

ஈன்ற மாட்டுக்கு வெல்லம் கரைத்த கஞ்சியைப் புதுப் பானையில் கொண்டுபோய் வைத்தேன். மாடு தலையை நீட்டியது. அத்தை அதன் தலையைத் தள்ளிவிட்டு, ஒரு கை அள்ளித் தன் வாயில் ஊற்றிக்கொண்டார். சாகும்வரை எந்தத் தண்ணீரையும் அவர் அப்படித்தான் மாட்டுக்கு வைத்தார். அன்றும் தனக்கு ஏதாவது ஆகிறதா என்று சற்று நேரம் நின்று பார்த்தார். பாவாயியும் கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள்.

பிறகுதான் மாடு குடித்தது.